முப்பது விநாடிக்கு ஒரு முகம்

2017-ல் தி. நகர் போலீஸார் ஃபேஸ்டேகர் என்ற செயலியைக் கையில் எடுத்தது, கூட்டத்தில் பழைய குற்றவாளிகள் யாராவது நடமாடுகிறார்களா என்று முகத்தை வைத்துப் பார்ப்பதற்கு. மறு ஆண்டின் கடைசியில், பக்கத்திலேயே இருக்கும் அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில், முகம் பார்த்து வருகை பதியும் முறையை அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் தொடங்கிவைத்தார். திருடரைத் தேட வந்த நுட்பம் மாணவியரிடம் வந்து சேர ஓராண்டு போதுமாக இருந்தது. வருகைப் பதிவேட்டைப் புரட்டும் நேரம் மிச்சம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். சரி, இருக்கட்டும்.

அதே 2018 மே மாதம் சீனாவின் ஹாங்சோ நகரில் 11-ம் எண் பள்ளி இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. ஹிக்விஷன் நிறுவனத்தின் கேமரா முப்பது விநாடிக்கு ஒருமுறை வகுப்பு முழுவதையும் பார்க்கும். யார் எழுதுகிறார், யார் மேசையில் தலை கவிழ்த்திருக்கிறார் என்பதோடு, யார் சந்தோஷமாக இருக்கிறார், யாருக்குக் கோபம், யாருக்குப் பயம் என்றும் குறித்துக்கொள்ளும். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் ஒரு பிள்ளையின் முகம் 90 முறை மதிப்பெண் வாங்கும். எதிர்ப்புக் கிளம்பியதும் அதை நிறுத்திவைத்தார்கள். ஆனால் வருகைக்காக மாட்டிய கேமராவுக்கும் இதற்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள் அப்டேட்தான். நாளை பள்ளி நிர்வாகத்தைப் பார்க்க வரும் விற்பனையாளர் பையில் அதுவும் இருக்கும்.

அவர் வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் கண்ணில் படுவது முதல் இரண்டு பெஞ்சும், கடைசிப் பெஞ்சின் சேட்டையும்தான். நடுவில், சுவரோரம் உட்கார்ந்து, ஒரு வாரமாக டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகும் பெண் யார் கண்ணிலும் படுவதில்லை. அவளை ஒரு இயந்திரம் காட்டிக்கொடுத்து, அதனால் ஓர் உயிர் பிழைக்கும் என்றால், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

இதற்கு வழக்கமாக வரும் பதில், இயந்திரத்துக்கு அப்படிப் பார்க்கத் தெரியாது என்பது. உண்மைதான். 2019-ல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் உட்பட ஐந்து அறிஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். கோபம் வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பது சுமார் 30 சதவீத நேரம்தான். கோபமே இல்லாமலும் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். வகுத்தல் கணக்கில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் நெற்றியைப் பார்த்தாலே இது தெரியும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2022-ல் தன் முகமறி சேவையிலிருந்து உணர்ச்சி கணிக்கும் பகுதியை விலக்கிக்கொண்டது. மார்கழி மாதம் மயிலாப்பூர் சபாக்களில் உட்காருகிறவர்களுக்கு இதை ஆராய்ச்சி வந்து சொல்ல வேண்டியதில்லை: மேடையில் கண்ணீர் மல்க நிற்கும் நடனமணிக்கு உள்ளே ஒரு துக்கமும் இருக்காது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை ஒன்றுக்கே நான்கு காரணம் சொல்கிறது. அவமானத்தில் அழுவது, இழந்து அழுவது, நிலை தாழ்ந்து அழுவது, வறுமையில் அழுவது. கண்ணீரைப் படம் பிடித்தால் இந்த நான்கில் எது என்று எப்படித் தெரியும்? மூளை முடக்குவாதக் குழந்தைகளோடு 1985 முதல் இயங்கிவரும் கோட்டூர்புரம் வித்யாசாகர் போன்ற இடங்களுக்குப் போய்ப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். சில பிள்ளைகளுக்கு முகத் தசை மனம் சொன்னபடி கேட்பதே இல்லை. அவர்கள் சாதாரணப் பள்ளியில் மற்றவர்களோடு உட்காரும் நாளில் அந்த முகத்துக்கு என்ன மதிப்பெண் விழும்?

ஆனாலும் இந்தப் பதிலை மட்டும் நம்பி நிற்பது சரியில்லை. நம் மறுப்பு இயந்திரத்தின் தப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், தப்பு திருந்துகிற நாளில் மறுப்பும் போய்விடும். எனவே அது துல்லியமாகவே பார்க்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் விஷயம் மோசமாகிறது.

பள்ளி பிள்ளையிடம் எதைத்தான் விட்டுவைத்திருக்கிறது? சீருடை அதன் விருப்பம். ரெட்டைச் சடை, ரிப்பன் நிறம், ஷூவின் கறுப்பு, எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்பது வரை அதன் உத்தரவு. மிச்சம் இருப்பது மனசுக்குள் ஓடுவது மட்டும். முகத்தைக் கரும்பலகைப் பக்கம் வைத்துக்கொண்டு சேப்பாக்கத்தில் நேற்று நடந்த மேட்சை நினைக்கலாம், பாடம் அறுவை என்று நினைக்கலாம், காலையில் திட்டிய ஹெட்மிஸ்ட்ரஸ் மீது கறுவலாம். இதில் கெட்டது ஒன்றுமில்லை. தனக்கென்று ஒரு மனசு இருப்பதைப் பிள்ளை கண்டுபிடிப்பது இங்கேதான். அதையும் 90 முறை பார்த்து வைத்தால், பிள்ளை முகத்தைப் பழக்கிக்கொள்ளும். கவனிப்பது போன்ற முகம் ஒன்றைக் கற்றுக்கொள்ளும். மேடையேறாத அபிநயம்.

ஆசிரியரும்தானே முகம் பார்க்கிறார் என்று கேட்கலாம். பார்க்கிறார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" "ஒண்ணுமில்ல மிஸ்." பொய் என்று ஆசிரியருக்குத் தெரியும், அந்தப் பொய்யை அப்போதைக்கு ஏற்றுக்கொள்கிறார், சாப்பாட்டு மணி அடித்ததும் தனியாகக் கூப்பிடுகிறார். தன்னைப் பார்ப்பது யார் என்று பிள்ளைக்குத் தெரிகிறது, மறுக்கவும் முடிகிறது. கேமராவிடம் 'ஒண்ணுமில்ல' என்று சொல்ல வழியில்லை.

குறிப்பறிதல் என்ற தலைப்பை வள்ளுவர் இரண்டு அதிகாரங்களுக்கு வைத்திருக்கிறார். பொருட்பாலில் வருவது, உரைகாரர்கள் சொல்வதுபோல, அமைச்சர் அரசன் முகத்தைப் படிப்பது. காமத்துப்பாலில் வருவது காதலர் ஒருவர் கண்ணை ஒருவர் படிப்பது. இரண்டிலும் படிக்கிறவருக்கும் இழக்க ஏதோ இருக்கிறது. குடிமக்களின் நடப்பை அரசன் தெரிந்துகொள்ள வள்ளுவர் வைத்தது வேறு அதிகாரம், ஒற்றாடல். வகுப்பறைக் கேமராவுக்கு இடம் அங்கேதான்.

பெற்றோர் சம்மதம் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். மயிலாப்பூரிலோ அடையாறிலோ எல்கேஜி சீட்டுக்கு நிற்கும் அப்பா அம்மா விண்ணப்பத்தின் எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட மறுப்பார்கள்? ஸ்வீடனின் ஷெலெஃப்தியோ நகரில் 22 மாணவர்களுக்கு முகத்தால் வருகை பதிந்த பள்ளிக்காக, 2019-ல் நகராட்சிக்கு இரண்டு லட்சம் க்ரோனர் அபராதம் விழுந்தது. பெற்றோர் சம்மதம் அங்கேயும் இருந்தது. பள்ளியை நம்பி இருப்பவர்கள் தரும் சம்மதம் சம்மதமாகாது என்று அபராதம் விதித்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நம் சட்டம் கொஞ்சம் வேடிக்கை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதையும் தடை செய்கிறது. 2025 நவம்பரில், குழந்தைகள் தினத்தை ஒட்டி வந்த விதிகளோ, கல்விச் செயல்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் என்றால் பள்ளிகளுக்கு விலக்கு என்கின்றன. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதை. ஐரோப்பிய ஒன்றியமும் விலக்கு வைத்திருக்கிறது, மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும். மற்றபடி பள்ளியிலும் வேலையிடத்திலும் உணர்ச்சி கணிக்கும் கருவிக்கு 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடை. 'கல்விச் செயல்பாடு' என்ற நம் சொல்லுக்குள் எதுதான் அடங்காது? பாடத்தைக் கவனிக்கிறாளா என்று பார்ப்பதே கல்விச் செயல்பாடு என்று வாதாட ஒரு வக்கீல் போதும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்தார்கள். 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பிள்ளை விரும்பினால் எழுதிப் போடும், விரும்பினால் கூப்பிடும். இந்த வழியில் ஓட்டை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டிபன் பாக்ஸைத் திறக்காத அந்தப் பெண் எழுதாமலே போய்விடலாம். கேமரா ஒருவேளை அவளைப் பிடித்திருக்கலாம். அந்த ஓட்டையை அடைக்க ஆள் வேண்டும். ஒரு பிரிவுக்கு ஐம்பது பேர் என்பதைக் குறைக்க வேண்டும், பெட்டியைத் திறந்து படித்து அன்றைக்கே பிள்ளையிடம் பேச ஆலோசகர் ஒருவர் பள்ளியிலேயே இருக்க வேண்டும். இது கேமராவைவிடச் செலவு பிடிக்கும் வேலை, வருஷா வருஷம் சம்பளம் கேட்கும் வேலை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 2027 மே ஆகும். அதுவரை விலைப்பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கப்போவது பள்ளி நிர்வாகங்கள்தான். வருகையைத் தவிர அந்தக் கேமரா வேறென்ன குறித்துக்கொள்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால், எழுத்தில் பதில் தர வேண்டியதும் அவர்கள்தான்.