ஆயிரம் உலகம் கண்ட அனுருத்தர்

பிறர் கண்ணுக்குப் புலப்படாததைத் தாம் காண வேண்டும் என்னும் விழைவு மனிதரிடம் மிகப் பழையது. ஞானதிருஷ்டி என்று பொதுவழக்கில் சொல்லப்படும் அந்த ஆற்றல், தொலைவில் நிகழ்வதையும் மறைவில் இருப்பதையும் இனி வரப்போவதையும் ஊனக்கண்ணின் துணையின்றி அறிவதாகக் கருதப்படுகிறது. அப்படி ஓர் ஆற்றல் உண்டா இல்லையா என்பதே இன்று பெரிதும் வாதிடப்படுகிறது. அதனினும் ஆழமான வினா ஒன்றைத் தேரவாத பௌத்தத்தின் பாலி நூல்கள் எழுப்பியிருக்கின்றன. அவ்வாற்றல் ஒருவருக்கு வாய்த்தே விட்டது என்று கொண்டாலும், அதனால் அவர் தெளிவாகக் காண்பவர் ஆகிவிடுவாரா? இதற்கு அந்நூல்கள் அளிக்கும் விடை, ஞானதிருஷ்டியை நம்புவோரும் நம்பாதோரும் ஒருசேர எண்ணிப் பார்க்கத் தக்கது.

பாலியில் திப்பசக்கு எனப்படும் தெய்வக்கண், அபிஞ்ஞை என்னும் ஆறு மேல்நிலை அறிவுகளுள் ஒன்று. நீர்மேல் நடத்தல் போன்ற சித்திகள், தொலைவொலி கேட்கும் தெய்வச்செவி, பிறர் மனம் அறிதல், முற்பிறப்பு நினைவு, தெய்வக்கண் ஆகிய ஐந்தும் உலகியலைச் சார்ந்தவை. மன ஒருமைப்பாட்டை ஆழப் பயின்றவருக்குக் கிட்டக்கூடியவை, கிட்டியபின் கைநழுவவும் கூடியவை. உள்ளத்தில் ஊறிக்கிடக்கும் காமம், பிறவி வேட்கை, அறியாமை ஆகிய மாசுகள் அற்றுப்போவதாகிய ஆறாவது அறிவு ஒன்றே உலகியலைக் கடந்தது. புத்தர் போதி மரத்தடியில் ஞானம் பெற்ற இரவைக் கூறும் சூத்திரங்களிலும் இந்த வரிசை காக்கப்படுகிறது: முதல் யாமத்தில் முற்பிறப்பு நினைவு, இடையாமத்தில் தெய்வக்கண், கடையாமத்தில் மாசறுதல். இடையாமத்தோடு அந்த இரவு முடிந்திருந்தால் உலகுக்குப் புத்தர் என்றொருவர் கிடைத்திருக்க மாட்டார். அந்தக் கண் எதைக் கண்டது என்பதும் கவனிக்கத்தக்கது. புதையல் இருக்கும் இடத்தையோ போரில் வெல்லப்போகும் அரசனையோ அது கண்டதாக நூல்கள் கூறவில்லை. உயிர்கள் தத்தம் செயலுக்கு ஏற்ப இறந்து பிறப்பதையும் தாழ்வதையும் உயர்வதையும் கண்டது என்றே கூறுகின்றன. வினைக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை நேரே அறிவதுதான் தொலைநோக்கின் பயன் என்பது அதன் இலக்கணத்திலேயே அடங்கியிருக்கிறது.

தெய்வக்கண் உடைய சீடருள் தலையாயவர் என்று குறிக்கப்பட்டவர் அனுருத்தர். சாக்கிய குலத்துச் செல்வர். பருவத்துக்கு ஒன்றாக மூன்று மாளிகைகளில் வளர்ந்தவர். அவருடைய உடன்பிறந்தவராகிய மகாநாமர், குடும்பத்தில் ஒருவர் துறவு பூண வேண்டும், மற்றவர் இல்லறத்தைக் காக்க வேண்டும் என்று சொல்லி, இல்லறத்தின் பொறுப்புகளை அவருக்கு விளக்கியதைத் துறவியர் ஒழுக்கத்தைக் கூறும் விநய நூல் விரிவாகச் சொல்கிறது. நிலத்தை உழ வேண்டும், விதைக்க வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும், நீரை வடிக்க வேண்டும், களை எடுக்க வேண்டும், அறுக்க வேண்டும், போரடித்துத் தூற்றிக் களஞ்சியம் சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டும் இப்படியே, அதற்கடுத்த ஆண்டும் இப்படியே. இந்த வேலை எப்போது முடியும் என்று அனுருத்தர் கேட்டார். முடிவதில்லை, நம் தந்தையரும் பாட்டன்மாரும் முடிக்காமலேதான் இறந்தார்கள் என்று மறுமொழி வந்தது. அந்த ஒரு விடையில் அவர் துறவை முடிவு செய்தார். எந்தச் சித்தியும் கைவராத காலத்தில், வீட்டுக்குள் அமர்ந்து கேட்ட ஒரு சாதாரணப் பேச்சில் அவர் தம் வாழ்வின் போக்கைக் கண்டுகொண்டார் என்பதால், பிற்காலத்தில் அவர் கண்ட ஆயிரம் உலகங்களைவிட இந்தக் காட்சியே பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

மல்லர் நாட்டு அனுப்பியத்தில் அவரோடு பத்தியர், ஆனந்தர், பகு, கிம்பிலர், தேவதத்தர் ஆகிய சாக்கியரும், அவர்களுக்கு முடிதிருத்தும் உபாலியும் துறவு பூண்டனர். அடுத்து வந்த மழைக்காலத் தங்கலிலேயே அனுருத்தருக்குத் தெய்வக்கண்ணும் தேவதத்தருக்குச் சித்திகளும் கைகூடின. தேவதத்தர் அவற்றைக் கொண்டு இளவரசன் அஜாதசத்துவின் முன் பாம்புகளை அரையில் சுற்றிய சிறுவனாகத் தோன்றி அவனை அச்சுறுத்தித் தம்மை நம்பச் செய்தார். செல்வமும் காணிக்கையும் பெருகின. துறவியர் சங்கத்தின் தலைமையைத் தாமே ஏற்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. எழுந்த அக்கணமே சித்தி அகன்றது. ஒன்றாகப் புறப்பட்டு ஒரே பயிற்சியில் ஈடுபட்ட இருவருள் ஒருவர் இவ்வாறு வீழ்ந்தார். மற்றவரும் வீழ்ச்சிக்கு வெகு தொலைவில் இருக்கவில்லை என்பதை அங்குத்தர நிகாயத்தின் சிறு சூத்திரம் ஒன்று காட்டுகிறது.

அதில் அனுருத்தர், புத்தரின் மற்றொரு சீடராகிய சாரிபுத்திரரிடம் சென்று மூன்று செய்திகளைச் சொல்கிறார். தூய்மையுற்று மனித ஆற்றலைக் கடந்த தெய்வக்கண்ணால் தாம் ஆயிரம் உலகங்களைக் காண்பதாகவும், தம் முயற்சி தளராமலும் நினைவு கலங்காமலும் உடல் அமைதியுற்றும் மனம் ஒருமுகப்பட்டும் இருப்பதாகவும், அவ்வளவு இருந்தும் தம் உள்ளம் மாசுகளிலிருந்து விடுபடவில்லை என்றும் முறையிடுகிறார். சாரிபுத்திரர் அவருடைய ஆற்றலை மறுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஆயிரம் உலகங்களைக் காண்கிறேன் என்பது உமது மானம், அதாவது தன்னை அளந்து பார்க்கும் செருக்கு. என் முயற்சி தளராதது என்பது உமது மனக்கொந்தளிப்பு. இன்னும் விடுபடவில்லையே என்பது உமது மனவுறுத்தல். இம்மூன்றையும் விட்டுவிட்டு மரணமற்ற நிலையை நோக்கி உள்ளத்தைத் திருப்பும் என்கிறார்.

கண்ட காட்சி பொய் என்று சாரிபுத்திரர் சொல்லியிருந்தால் அது வெறும் வாதமாக முடிந்திருக்கும். அவர் சுட்டியது ‘காண்கிறேன்’ என்ற சொல்லின் ஈற்றில் ஒட்டிக்கொண்டிருந்த ‘நான்’ என்பதை. ஆயிரம் உலகங்கள் வரை எட்டிய கண்ணுக்கு அந்த ஒன்று மட்டும் தெரியவில்லை. தொலைநோக்கு எவ்வளவு விரிந்தாலும் காண்பவருக்கு வெளியே உள்ள பொருள்களின் எண்ணிக்கையைத்தான் அது கூட்டுகிறது. காண்பவரை அது தொடுவதேயில்லை. விபச்சனா எனப்படும் தெளிவுக் காட்சி, உடலும் உணர்வும் எண்ணமும் தோன்றி மறைவதை உள்ளபடி பார்ப்பது. அதில் காண்பவரும் காட்சிக்குள் வந்துவிடுகிறார். முறையீட்டின் மூன்றாம் பகுதியையும், அதாவது விடுதலை கிட்டவில்லையே என்ற ஏக்கத்தையும், சாரிபுத்திரர் ஒரு மறைப்பாகவே எண்ணியதுதான் இந்த உரையாடலின் நுட்பம். பணிவு போலத் தோன்றிய அந்த வருத்தத்திலும் தன்னைப் பற்றிய கணக்கே நடந்துகொண்டிருந்தது. அனுருத்தர் தனித்துச் சென்று பயின்று விரைவில் அருகந்த நிலையை, அதாவது மாசுகள் முற்றும் அற்ற நிலையை எய்தினார் என்று சூத்திரம் முடிகிறது.

தெய்வக்கண் சங்கத்துக்குள் எத்தகைய இடர்களைக் கொணரும் என்பதைப் புத்தர் அறிந்திருந்தார். வஜ்ஜி நாட்டில் பஞ்சம் நிலவியபோது வக்குமுதா ஆற்றங்கரையில் தங்கிய துறவியர் சிலர், இன்னாருக்குத் தெய்வக்கண் உண்டு, இன்னாருக்கு ஆறு அறிவும் உண்டு என்று ஒருவரையொருவர் இல்லறத்தாரிடம் புகழ்ந்துகொண்டனர். அதை நம்பிய மக்கள் தாம் உண்ணாமலும், தாய் தந்தையருக்கும் மனைவி மக்களுக்கும் கொடாமலும் அவர்களுக்குச் சோறு இட்டனர். மழைக்காலம் முடிந்து புத்தரைக் காண வந்தபோது மற்றத் துறவியர் மெலிந்து நரம்பு தெரிய நிற்க, இவர்கள் மட்டும் கொழுத்திருந்தனர். இல்லாத ஆற்றலை உண்டென்று சொல்பவர் சங்கத்திலிருந்து மீளாது விலக்கப்படுவார் என்னும் விதி இந்நிகழ்ச்சியை ஒட்டியே எழுந்தது. கொலையோடும் களவோடும் ஒரே வரிசையில் அது வைக்கப்பட்டுள்ளது. ஞானதிருஷ்டியின் பேரால் இன்று துயருற்றவரிடம் பணம் பறிப்பவர்களை எண்ணும்போது, அந்த விதியின் கடுமை சிறிதும் மிகையாகப் படவில்லை.

பொய் சொல்பவரைவிட, தம்மைத் தாமே நம்பிவிடும் நல்லவரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், தெளிவுக் காட்சியைக் கெடுக்கும் பத்து மாசுகளைக் கூறும்போது முதலாவதாக வைப்பது ஒளியை. தியானத்தில் ஒளி பரவுகிறது. இதற்குமுன் இப்படி ஒளி எழுந்ததில்லை, தாம் மெய்ந்நெறியை எய்திவிட்டோம் என்று பயில்பவர் எண்ணுகிறார். எண்ணியதும் காண வேண்டியதை விட்டுவிட்டு ஒளியைச் சுவைத்தபடி அமர்ந்துவிடுகிறார். இதை விளக்க அந்நூல் உச்சவாலிகத்தில் வாழ்ந்த மகாநாகர் என்னும் முதியவரின் வரலாற்றைத் தருகிறது. அறுபது ஆண்டுகளாகத் தாம் அருகந்தர் என்றே அவர் நம்பியிருந்தார். அவர் சொல்லியதில் பொய் ஏதும் இல்லை. அவருடைய மாணவராகிய தம்மதின்னர் உண்மை நிலையை உணர்ந்து, யானை ஒன்றைச் சித்தியால் படைத்துக் காட்டுமாறு வேண்டினார். முதியவர் வெள்ளை யானை ஒன்றைப் படைத்தார். அது காதுகளை விறைத்து, வாலை நீட்டி, துதிக்கையை வாயிலிட்டு, அஞ்சத்தக்க முழக்கத்தோடு தங்களை நோக்கிப் பாய்ந்து வரும்படி செய்யச் சொன்னார் மாணவர். அவ்வாறே பாய்ந்துவந்த யானையைக் கண்டு, அதைப் படைத்தவரே எழுந்து ஓடத் தொடங்கினார். மாணவர் அவருடைய சீவர ஆடையின் ஓரத்தைப் பற்றி, மாசற்றவருக்கு அச்சம் உண்டோ என்று கேட்டார். தம் நிலையை அக்கணமே உணர்ந்த முதியவர், தம்மினும் இளையவரான மாணவரின் காலடியில் அமர்ந்து உதவி கேட்டார். அறுபதாண்டுப் பெருமையை ஒரே கேள்வியில் கீழே வைக்க முடிந்த அந்தப் பணிவு, அவர் படைத்த யானையைவிட அரிய ஆற்றல்.

தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையின் கதைப்போக்கிலும் இதே மதிப்பீடு உள்ளது. மணிபல்லவத்துப் புத்த பீடிகையைக் கண்டு மணிமேகலை தன் முற்பிறப்பை அறிகிறாள். வான்வழிச் செல்லவும் வேற்றுரு எய்தவும் மந்திரங்களைப் பெறுகிறாள். இவையெல்லாம் காப்பியத்தின் முற்பகுதியிலேயே முடிந்துவிடுகின்றன. அமுதசுரபியால் பசித்தோர்க்கு உணவிட்ட பின், வஞ்சியில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டு, காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவை நூலைக் கற்கிறாள். காண்டல், கருதல் என்னும் அறியும் வழிகள் எங்கெங்கே பிழைபடும் என்பதை அங்கேதான் அறிகிறாள். முப்பதாம் காதையில், பேதைமை தொடங்கிப் பிறப்பும் துன்பமும் சங்கிலியாய் எழும் பன்னிரு சார்பைக் கேட்டு நோன்பு ஏற்கிறாள். சித்திகள் முதலிலும் தெளிவு முடிவிலும் வருமாறு காப்பிய ஆசிரியர் சாத்தனார் அமைத்தது தற்செயலானதாகத் தோன்றவில்லை.

இன்றும் ஞானதிருஷ்டியை நாடி, வருவதை முன்கூட்டி அறியத் துடிப்பவர்களின் துடிப்புக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது அச்சம். நோயுற்ற பிள்ளை பிழைக்குமா, பிரிந்தவர் திரும்புவாரா என்பன போன்ற அச்சங்கள் ஏளனத்துக்கு உரியவை அல்ல. ஆயினும் எதிர்காலத்தைப் பற்றிய ஒரு விடை அந்த அச்சத்தை அடுத்த கேள்விக்குத்தான் நகர்த்துகிறது. குறி கேட்டுத் தெளிந்தவர் மறு மாதமே மீண்டும் குறி கேட்கச் செல்வது இதனால்தான்.

விடுதலைக்கு இத்தகைய ஆற்றல் தேவையே இல்லை என்பதற்கும் பாலி நூல்களில் சான்று உண்டு. சங்யுத்த நிகாயத்தின் நிதான சங்யுத்தத்தில், சுசீமர் என்பவர் தம்மை அருகந்தர் என்று அறிவித்த துறவியரிடம், உங்களுக்குத் தெய்வக்கண் உண்டா, தெய்வச்செவி உண்டா, பிறர் மனம் அறிவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே அவர்கள் விடையளிக்கின்றனர். தாங்கள் அறிவினால் விடுதலை பெற்றவர்கள் என்கின்றனர். திகைத்துப்போய்த் தம்மிடம் வந்த சுசீமரிடம் புத்தர் அவர்கள் சொன்னதையே உறுதிப்படுத்துகிறார். தமக்கு எந்தக் காட்சியும் வாய்க்கவில்லையே, எந்த ஒளியும் தோன்றவில்லையே என்று தியானப் பயிற்சியைக் கைவிட எண்ணுவோர், கைவிடுமுன் அந்தச் சூத்திரத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.