படைத்தளக் காணியும் முதலீட்டாளனின் மனச்சாட்சியும்

சட்டத்திற்கு அமைந்த வருவாய் யாவும் அறத்திற்கும் அமைந்ததாகுமா? பழைமையான இவ்வினாவை யப்பானின் ஒகினாவா மாகாணத்தில் நிகழும் காணி வாணிபம் கூர்மையாக எழுப்புகின்றது.

1945ஆம் ஆண்டுப் போரின்போதும் அதன் பின்னரும் ஐக்கிய அமெரிக்கப் படையினர் அங்கு மக்களின் வயல்களையும் குடிமனைகளையும் கைப்பற்றித் தளங்கள் அமைத்தனர். 1955இல் இயே தீவில் உழவரின் வீடுகள் அழிக்கப்பட்டன. 1972இல் ஒகினாவா யப்பானிடம் மீண்டது, தளங்களோ நிலைத்தன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 0.6 வீதமேயான இம்மாகாணத்தில், அமெரிக்கப் படையினர் தனித்துப் பயன்படுத்தும் தளப் பரப்பின் ஏறத்தாழ 70 வீதம் அடங்கியுள்ளது. தளங்களினுள் அகப்பட்ட தனியார் காணிகளுக்கு யப்பானிய அரசு ஆண்டுதோறும் வாடகை செலுத்துகின்றது.

இக்காணிகள் இன்று முதலீட்டுப் பொருளாகிவிட்டன. ஆண்டு வாடகையின் இத்தனை மடங்கு என விலை பேசப்படுகின்றது. வாடகை தவறுவதில்லை, பழுதுபார்க்கும் செலவுமில்லை. வங்கிகள் இதற்கெனக் கடன் வழங்குகின்றன. வெளி மாகாணத்தவரும் காணியை மிதித்துப் பாராமலே வாங்குகின்றனர். கடேனா விமானத்தளம் போன்று, மீளக் கையளிக்கப்படும் வாய்ப்பு அரிதான இடங்களில் மடங்கு உயர்ந்து நிற்பது கருதற்பாலது. அங்கு விலை பெறுவது மண்ணின் வளமன்று, தளத்தின் நிலைபேறே.

காணியை இழந்தவன் வாடகை பெறுவதும், பின்வந்தவன் வாடகைக்காகக் காணி வாங்குவதும் தொகையால் ஒன்றாயினும் அறத்தால் ஒன்றல்ல. முன்னவனுக்கு அது இழப்பின் ஈடு. அதனை உண்டு வாழ்ந்தமைக்காகவோ, முதுமையில் விற்றமைக்காகவோ அவனைப் பழித்தல் தகாது. பின்னவனோ பிறர் இழப்பு நீடிக்குமென்னும் எதிர்பார்ப்பையே விலை கொடுத்து வாங்குகின்றான்.

“நான் வாங்காவிடினும் தளம் அங்கேயே இருக்கும்; என் பணத்தால் ஒரு படைவீரனேனும் கூடவில்லை” என அவன் கூறலாம். விளைவை மாத்திரம் நோக்கின் இவ்வாதத்தை எளிதில் மறுத்தல் இயலாது. ஆயினும் அறம் விளைவோடு நின்றுவிடுவதன்று. ஒருவன் எதனை விரும்புவோனாகத் தன்னை ஆக்கிக்கொள்கின்றான் என்பதையும் அது வினவும். காணி உரியவரிடம் மீளும் செய்தி அயலவனுக்கு மகிழ்ச்சியும் தனக்கு நட்டமுமாகும் நிலையை அவன் தானே தேர்ந்துகொண்டான். அத்தகையோர் பெருகுந்தோறும், மீட்சி வேண்டும் குரலுக்கு எதிரான நலன்களும் பெருகும்.

வாங்குதல் என்னும் செயலே குற்றமன்று என்பதற்கும் ஒகினாவாவே சான்று. 1982இல் தொடங்கிய ‘ஒரு ட்சுபோ’ இயக்கத்தினர், தளத்தினுள் அமைந்த காணியிற் சிறு பங்குகளை வாங்கி, அரசுடன் குத்தகை ஒப்பந்தம் செய்ய மறுத்தனர். ட்சுபோ என்பது ஏறத்தாழ 3.3 சதுர மீற்றர். முதலீட்டாளன் தளம் நீங்காதெனும் நம்பிக்கையில் வாங்கினான். இவர்கள் அது நீங்கவேண்டுமென வாங்கினர். இருவரும் பெற்றது ஒரேவகை உறுதிப் பத்திரமே.

ஆதலின், முதலிடுமுன் எவ்வளவு கிடைக்கும் என வினவுவதோடு நாம் அமைதல் ஆகாது. இவ்வருவாய் வளர எது நிலைக்கவேண்டும், அது நிலைப்பதை நாம் வெளிப்படையாக விரும்பத் துணிவோமா என்பதையும் வினவுதல் வேண்டும். சொல்ல நாணும் விருப்பத்தின்மேல் எழும் செல்வம், சட்டத்தால் நமதாயினும் மனச்சாட்சியின்முன் நமதாகாது.