உதிர்க்கத் தெரிந்த மரங்கள்

இலை நிறம் மாறி உதிர்வதைப் பார்க்க ஐப்பசியில் காஷ்மீர் போகத் திட்டமிடுகிறவர்கள் ஓசூரில் பெருகிவிட்டார்கள். சினார் மரங்கள் சிவக்கும் அழகு பெரிதுதான். ஆனால் சிப்காட் தொழிற்பேட்டை வாசலிலிருந்து சில மணி நேரத்திலேயே நமக்கும் ஓர் இலையுதிர்காலம் உண்டு. அது மாசியிலும் பங்குனியிலும் வருகிறது.

வார லீவு நாளில் விடிந்ததும் கிளம்பினால் போதும். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி நோக்கிச் செல்லும் சாலை காட்டுக்குள் நுழைந்துவிடும். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இந்தப் பக்கத்துக் காடுகளைச் சேர்ந்தது. யானைகள் நடமாடும் வழி என்பதால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

குளிர்நாட்டு மரம் உறைபனிக்கு முன்னால் இலையை உதிர்க்கிறது. நம் காட்டு மரமோ தண்ணீர்ப் பஞ்சத்துக்காக உதிர்க்கிறது. இலையின் நுண்துளைகள் வழியாக ஓயாமல் நீர் ஆவியாகிறது. மண் காய்ந்த மாதங்களில் அந்தச் செலவு மரத்துக்குக் கட்டுப்படியாகாது. வெக்காலி இலைகள் செம்பழுப்பாகி விழுகின்றன. புரசு இலையெல்லாம் போக்கிவிட்டு, மொட்டைக் கிளையில் நெருப்பு நிறத்தில் பூத்து நிற்கிறது.

பழுத்த இலை ஒன்றை விரலால் தொட்டுப் பாருங்கள். இழுக்கவே வேண்டாம், கையோடு வந்துவிடும். காம்பு இருந்த இடத்தில் சின்னத் தழும்புதான் மிஞ்சும். அதையும் மரம் உள்ளிருந்தே அடைத்து வைத்திருக்கும். வீட்டைக் காலி செய்கிறவர் பண்டபாத்திரங்களை முன்னதாக எடுத்து வைப்பதுபோல, இலையிலிருந்த தழைச்சத்திலும் மணிச்சத்திலும் பெரும்பகுதியைக் கிளைக்குள் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகே அதை விடுகிறது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை மிகவும் பாதிக்கிறது. இலைச் செலவு நின்றதும், ஆழத்து வேர் உறிஞ்சும் நீர் அடிமரத்தில் மெல்லச் சேர்கிறது. வெயில் கொளுத்தும்போதே, மழைக்குக் காத்திராமல், புங்கை பசேலென்று துளிர்க்கிறது. அரசு செம்பு நிறத்தில் தளிர் விடுகிறது. குளிர்நாட்டில் சிவப்பது விடைபெறும் இலை. இங்கே சிவந்து நிற்பது பிறக்கும் இலையும்கூட.

மூன்று ஷிப்டும் ஓடும் ஊர் நம்முடையது. வார லீவையும் ஓவர்டைமுக்குக் கொடுத்துவிட்டு, உடம்பு கேட்கும் ஓய்வைச் சோம்பல் என்று நினைத்துக் கூசுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வீட்டில் பிள்ளையோடு பேசும் நேரமும் அப்படித்தான் போகிறது. எதையும் விடாமல் பிடித்துக்கொள்வதையே உறுதி என்று நம்புகிறோம். மரம் காட்டும் உண்மை வேறு: வறண்ட காலத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரிந்ததால்தான் மழைக்கு முன்பே துளிர்க்கும் தெம்பு அதற்கு வருகிறது. ஓய்வும் வளர்ச்சியின் ஒரு பகுதியே.

இந்தப் பங்குனியில் ஒரு லீவு நாளை உங்களுக்கென்று வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு அந்த அஞ்செட்டிச் சாலையில் போய் வாருங்கள். சருகு மூடிய காடு ஒரு பீடித் துண்டுக்கே பற்றிக்கொள்ளும். நெருப்பை மட்டும் கொண்டு போகாதீர்கள்.