அங்கயற்கண்ணி கோயிலை அகன்றனளோ?

இறைவனை வழிபடுகின்றோம் என்று சொல்லிக்கொள்வாரிடத்தே அவன் உளன் என்பது விளங்கித் தோன்றுகின்றதோ என்னும் வினா நாத்திகர் மட்டும் எழுப்புவதன்று. நெற்றியில் நீறும் கழுத்திற் கண்டிகையும் உடைய நாமே நம்மை நோக்கி வினாவற்பாலது. மதுரை மாநகரில் ஒருகாலத்து இவ்வினா ஏட்டளவில் நில்லாது கோயிற் கதவளவும் வந்து நின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர், அதுகாறும் உட்புகவொட்டாது தடுக்கப்பட்டிருந்த ஆதிதிராவிட மக்கள் ஐவரையும் நாடார் மரபினர் ஒருவரையும் உடன்கொண்டு மீனாட்சியம்மை திருக்கோயிலுட் புகுந்தனர். பின்னாளில் அமைச்சராய் விளங்கிய பி. கக்கன் அவ்வைவருள் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரியாயிருந்த ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றனர். அர்ச்சகர் சிலரோ, பிராயச்சித்தம் செய்தாலன்றிப் பூசை நிகழாது என மறுத்தனர், கதவு பூட்டப்பட்டது, பின்னர் அதிகாரத்தால் திறக்கப்பட்டது. இராஜாஜியின் மந்திரிசபை அவ்வாண்டிலேயே சட்டமியற்றி இப்பிரவேசத்துக்குக் காப்பளித்தது. மறுத்து வெளிப்போந்தாரும் அவரைச் சார்ந்தாரும் "அம்மை கோயிலை விட்டு அகன்றனள்" என்றுரைத்து, நகரிலேயே வேறோரிடத்து மீனாட்சிக்குத் தனிச் சந்நிதி அமைத்துச் சில ஆண்டு வழிபட்டனர். எல்லாரும் புகப்பெறும் வரை தாமும் புகேன் என்றிருந்த காந்தியடிகள் 1946ஆம் ஆண்டு அக்கோயிலுட் சென்று வணங்கினர்.

வெளிப்போந்தாருடைய பற்றைப் பொய்யென்று நாம் கூறேம். வருவாயை இழந்தும் தம் கொள்கையில் நின்றார் அவருள் உளர். சாந்நித்தியம் குறைவுறும் ஏதுக்களும் அவற்றுக்குரிய பிராயச்சித்தங்களும் ஆகமங்களிற் கூறப்பட்டிருத்தலும் உண்மையே. ஆயின் அவர் கூற்று நம் சித்தாந்தத்தின்முன் நிற்குமோ என்பதே கேள்வி.

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், வழிபடற்பாலனவாக இரண்டனை ஒருங்கு வைத்தருளினர்: ஒன்று அடியார் திருவேடம், மற்றொன்று ஆலயம். இறைவன் எங்கும் நிறைந்தவனேயாயினும் பிறவிடங்களிற் பாலில் நெய்போல் மறைந்தும், இவ்விடங்களில் தயிரில் நெய்போல் விளங்கியும் நிற்பன் என்பது காரணம். இரண்டும் ஒரு சூத்திரத்தன என்பதை மறவற்க. நீறணிந்து கைகூப்பி வருவான் ஒருவனை வாயிலிலே தடுத்தல், அச்சூத்திரத்தின் ஒரு பாதியைக் கையிற்கொண்டு மறுபாதியை அடித்தலாம். அடியார் வந்தமையால் ஆலயத்து விளக்கம் போயிற்றென்றல், தயிரைச் சேர்த்தமையால் நெய் கெட்டது என்பதனோடு ஒக்கும்.

இன்னும் ஒன்று. அத்திருக்கோயிலிலே சுவாமி சந்நிதிப் பிராகாரத்தில் அறுபத்துமூவர் திருவுருவங்கள் உள்ளன. அவருள் திருநாளைப்போவாரும் ஒருவர். அவர்க்குத் தீபமேந்திய கை, அவர் மரபிற் பிறந்தார் அடிவைத்தால் அம்மை போய்விடுவாள் என்று வாயிலைச் சுட்டிற்று! கல்லாய் நின்றார்க்கு உள்ளே இடமுண்டு. காலால் நடந்து வந்தார்க்கு இல்லை. கோச்செங்கட்சோழரும் சேரமான் பெருமாளும் நிற்கும் வரிசையிலே அவரை நிறுத்தினோர் நம்மினும் சித்தாந்தம் அறிந்தவர் போலும். தில்லைவாழந்தணராகிய உமாபதி சிவம் பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை செய்த வரலாறும் நம்மவர் அறியாததன்று.

அங்ஙனமாயின், அடியாரிடத்தே இறைவன் உளன் என்பது எதனாற் புலப்படும்? நீற்றினாலோ, மணியினாலோ, பாராயணத்தினாலோ? இதற்கு மதுரையே விடை தந்துளது. ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் புட்டுத்தோப்பிற் கொண்டாடப்பெறும் அவ்வரலாற்றை ஊன்றி நோக்குமின். வையை உடைத்தது. வந்தியென்னும் மூதாட்டிக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டே கூலியாகப் பெருமான் கூடை சுமந்தான். அவனை ஏவலர் அறிந்திலர், அமைச்சர் அறிந்திலர், சிவபத்தியிற் குறைவில்லாத பாண்டியனும் அறிந்திலன். சோம்பிக் கிடந்த கூலியாள் என்றே கண்டு பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும், அரசியர் முதுகிலும், அங்குள்ளார் எல்லார் முதுகிலும் பட்டது. அப்பொழுதன்றோ வந்தவன் யாவன் என்று தெரிந்தது! ஒருவன்மேல் விழுந்த அடி அனைவர்க்கும் வலித்த இடத்தே அவன் இருப்பு வெளிப்பட்டது. அதற்குமுன் அவன் அங்கே இல்லாமலில்லை. மண் சுமந்துகொண்டுதான் இருந்தான். அவர் கண்ணை மறைத்தது ஆணவம். ஞாயிறு எழுந்தும் குருடனுக்கு இருளே.

இத்திருவிளையாடலைக் கேட்டுக் கண்ணீர் வடிப்பார் மதுரையைச் சூழ்ந்த ஊர்கள்தோறும் உளர். அவ்வூர்களில் ஒன்றாகிய, எழுமலையை அடுத்த உத்தப்புரத்தில், ஒரு சாராரை மறு சாராரினின்று பிரித்து எழுந்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008ஆம் ஆண்டு மேத் திங்களில் அரசினரால் இடிக்கப்பட்டது. அதனைப் பொறாத மற்றவர் ஊரை விட்டே நீங்கி மலையடிவாரத்திற் சில நாள் தங்கினர். 1939இல் அம்மை அகன்றனள் என்றார். இங்கோ மக்களே அகன்றனர்! 2011ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவ்வூர் முத்தாலம்மன் கோயிலுட் சென்று வழிபட்டனர். நகரத்துக் கோயில் திறந்து 72 ஆண்டு கழிந்து இவ்வூர்க் கதவு திறந்தது. இடைத் தொலைவோ ஒருநாட் பயணமும் ஆகாது.

ஆகலின், அங்கயற்கண்ணி அகன்றனளோ என்று வினவுவார்க்கு நாம் நூல்களை எடுத்துக்காட்டி நெடிது வாதிடுவதிற் பயனில்லை. அடுத்த திருவிழாவில் நும் ஊர்ச் சப்பரம் புறப்படும்; அது எந்தத் தெருமுனை வரை வந்து திரும்புகின்றது என்று அன்பர்கள் உடன்சென்று பார்த்து வருக.