ஈரம் மேலே இருக்கட்டும்

 



சில நாட்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். இருபது வருடம் சவூதியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு வாங்கப் போனவர். சென்னையில் ஒரு தரைத்தள வீடு. விலை பேசி, அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. பத்திரப் பதிவுக்கு முன் தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துப் போய் வீட்டைக் காட்டியிருக்கிறார்.

உள்ளே புது பெயிண்ட் வாசனை. சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. கொத்தனார் எதுவும் பேசாமல் படுக்கை அறையில் இருந்த பீரோவை நகர்த்தச் சொன்னார். அதன் பின்னால் பெயிண்ட் உப்பி நின்றது. சாவியால் சுரண்டியதும் பூச்சு மாவாகக் கொட்டியது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. விரலை மடக்கித் தட்டினால் பொள்ளென்று சத்தம். "பாய், இது இன்னிக்கு நேத்து ஓதம் இல்லை. வெள்ளத்துல நின்ன சுவர்" என்றாராம் கொத்தனார்.

விசாரித்ததில் உண்மை வெளியே வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. விற்பவர் இரண்டையும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "எல்லா வீட்டிலும் ஓதம் இருக்கத்தானே செய்யும்? பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறார். ஒருவழியாக அட்வான்ஸ் திரும்பி வந்துவிட்டது.

அந்தச் சகோதரர் என்னிடம் கேட்டது தம் பணத்தைப் பற்றி அல்ல. "ஹஜ்ரத், நான் தப்பித்துவிட்டேன். இப்போது அதே வீட்டைப் பார்க்க இன்னொருவர் வந்து போகிறார். என்னிடமும் விசாரித்தார். வீட்டுக்காரரும் நமது ஜமாஅத்தைச் சேர்ந்தவர், ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். நான் சொன்னால் அது புறம் பேசியதாகிவிடுமா? சொல்லாவிட்டால் நான் குற்றவாளியா?"

இன்றைய பயான் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

மதீனாவின் கடைத்தெருவில்

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைத்தெருவில் உணவு தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழை பட்டுவிட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது.

கவனியுங்கள். மழையைப் பெய்ய வைத்தது அந்த வியாபாரி அல்ல. தானியம் நனைந்தது அவருடைய குற்றமும் அல்ல. நனைந்ததை விற்கக் கூடாது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. ஈரத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே வைத்ததுதான் குற்றம்.

வெள்ளம் வந்ததற்காக ஒரு வீட்டுக்காரரை யாரும் குறை சொல்ல முடியாது. அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் உப்பு பூத்த சுவரைப் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பீரோவை இழுத்து முன்னால் வைத்தாரே, அது அவர் கை செய்த வேலை. அதற்குத்தான் மறுமையில் கேள்வி.

சிறிய விஷயமா இது?

"கொஞ்சம் ஓதம்தானே" என்று சொல்லிவிடுகிறோம். செங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். தண்ணீர் காய்ந்து போகும். அதிலிருந்த உப்பு சுவரிலேயே தங்கிப் பூச்சை உதிர்க்கும். கான்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டையே வெடிக்க வைக்கும். ஈரச் சுவரில் பூஞ்சை படரும். ஆஸ்துமா இருக்கும் ஒரு குழந்தை அந்த அறையில் படுத்தால் என்ன ஆகும்? நீங்கள் அடித்த பெயிண்ட் ஒரு கோடைக்குத் தாங்கும். வாங்கியவர் கட்டும் வங்கித் தவணையோ பல வருடம் ஓடும்.

விற்பவரே, உங்களுக்கு

குறை இருப்பதைத் தெரிவிக்காமல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனுக்குப் பொருளை விற்பது ஆகுமானதல்ல என்று உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி இப்னு மாஜாவில் இருக்கிறது. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்பது அதன் கருத்து. அந்தப் பணத்தில்தான் மகளுக்குத் திருமணம் செய்யப் போகிறீர்கள், உம்ராவுக்குப் போகப் போகிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள். ஒரு துணியில் குறை இருக்கிறது, வாங்குபவரிடம் சொல்லி விற்றுவிடு என்று தம் பங்காளியிடம் கொடுத்தார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கில் வந்த பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றில் காண்கிறோம். மறதிக்கே இந்தப் பேணுதல் என்றால், தெரிந்தே மறைப்பதற்கு?

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவின்படி, தமக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும்.

குறையை மறைத்துவிட்டு, "நீங்களாகப் பின்வாங்கினீர்கள்" என்று அட்வான்ஸைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யாதீர்கள். அடுத்தவர் பொருளைத் தவறான வழியில் உண்ணக் கூடாது என்று அல்லாஹ் தடுத்திருக்கிறான்.

வாங்குபவரே, உங்களுக்கும்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. பீரோவை நகர்த்திப் பாருங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள கூரையைப் பாருங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய் நில்லுங்கள். பக்கத்து வீட்டாரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.

வாங்கிய பிறகு பழைய குறை தெரிய வந்தால், வீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமை ஷரீஅத்தில் உண்டு. ஃபிக்ஹில் இதற்கு கியாருல் ஐப் என்று பெயர். ஆனால் குறையைத் தெரிந்துகொண்டே வாங்கியவருக்கு அந்த உரிமை இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில், தெரிந்தவுடன் தாமதிக்காமல் கேட்க வேண்டும். ஹனஃபி மத்ஹபிலும், தெரிந்த பின் அதைப் பொருந்திக்கொண்டதாக நடந்துகொண்டால் உரிமை போய்விடும். இருவரும் இசைந்தால் செப்பனிடும் செலவைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு சுவரில் ஓதத்தைப் பார்த்துவிட்டு, வீடே இடியப் போகிறது என்று பயம் காட்டிப் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். மக்களின் பொருட்களின் மதிப்பைக் குறைக்காதீர்கள் என்று மத்யன் வாசிகளுக்கு ஷுஐப் (அலை) அவர்கள் செய்த உபதேசம் வாங்குபவருக்கும் பொருந்தும்.

தெரிந்தவர் என்ன செய்ய வேண்டும்?

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம்.

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) என்ற நபித்தோழர், ஒருவர் ஒட்டகம் வாங்கிப் போவதைப் பார்த்தார்கள். பின்னாலேயே போய், எதற்காக வாங்கினீர், இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று விசாரித்தார்கள். பயணத்துக்கு என்றதும், அதன் குளம்பில் ஓட்டை இருப்பதைச் சொல்லிவிட்டார்கள். என் வியாபாரத்தைக் கெடுக்கிறீர்களே என்று விற்றவர் சடைத்துக்கொண்டார். அதற்கு அவர்கள், குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது, அதை அறிந்தவர் சொல்லாமல் இருப்பதும் ஆகாது என்று தாம் நாயகத்திடம் (ஸல்) கேட்டதாகப் பதிலளித்தார்கள். அஹ்மதில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

புறம் பேசுவது அனுமதிக்கப்படும் இடங்களை விளக்கும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களும், குறையுள்ள பொருளை அறியாமல் வாங்குபவரை எச்சரிப்பதை அதில் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தச் சகோதரரிடம் நான் சொன்னேன்: "முதலில் வீட்டுக்காரரைத் தனியாகப் பாருங்கள். நீங்களே சொல்லிவிடுங்கள், அதுதான் உங்களுக்குக் கண்ணியம் என்று சொல்லுங்கள். அவர் மறுத்தால், வாங்க வருபவரிடம் சுவரைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். மனிதரைப் பற்றி ஒரு வார்த்தையும் கூட்டாதீர்கள்."

கொத்தனாருக்கும், இன்ஜினியருக்கும், புரோக்கருக்கும், பக்கத்து வீட்டாருக்கும் இதுதான் பதில். கமிஷனுக்காக வாய் மூடியவரும் அந்தப் பாவத்துக்கு உதவியவரே.

மறுநாள் அஸருக்குப் பின் அந்த வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. "ஹஜ்ரத், பீரோவை நகர்த்திவிட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீடு முன்பு பேசிய விலைக்குப் போகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சகோதரர்களே! நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பீரோ இருக்கிறது. நாளை மறுமையில் அதை நகர்த்துவதற்குக் கொத்தனார் தேவைப்பட மாட்டார்.

யா அல்லாஹ்! எங்கள் கொடுக்கல் வாங்கலை நேர்மையாக்குவாயாக! எங்கள் வீடுகளில் பரக்கத் செய்வாயாக! விற்கும்போதும் வாங்கும்போதும் உண்மை பேசும் நாவைத் தருவாயாக! நஷ்டம் வந்தாலும் ஹலாலில் நிலைத்திருக்க எங்கள் அனைவருக்கும் தௌஃபீக் செய்வாயாக! ஆமீன்.