பட்ட துன்பத்தை என்ன செய்வது?

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் லிங்கன் நினைவிடத்தில் மார்ட்டின் லூதர் கிங் பேசியது உலகத்துக்கே தெரியும். அவருக்குச் சற்றுமுன் அதே மேடையில் பேசிய யோவாகிம் பிரின்ஸை அறிந்தவர்கள் குறைவு. ஹிட்லரின் பெர்லினில் ரபியாக, அதாவது யூத மதகுருவாக இருந்தவர். நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோ அவரைப் பலமுறை கைது செய்தது. 1937இல் நாட்டைவிட்டே துரத்தினார்கள். கறுப்பின மக்களின் உரிமை கேட்டு நடந்த அந்தக் கூட்டத்தில், வெறுப்பைவிடக் கேடானது மௌனம் என்பதே பெர்லினில் தாம் கற்ற பாடம் என்றார்.

அடிபட்டவர் அந்த வலியை என்ன செய்வது? ‘எங்களை அடித்தபோது யார் வந்தார்கள்?’ என்று கேட்கலாம். அது நியாயமான கேள்விதான். ஆனால் யூத வேதமான தோரா யூதர்களை அந்தக் கேள்வியோடு நிற்க விடுவதில்லை. எகிப்தில் நீங்கள் அந்நியராக இருந்தீர்கள், ஆகவே உங்களிடையே வாழும் அந்நியரை ஒடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்மூதின் அறிஞர்கள் எண்ணிப் பார்த்து 36 இடங்கள் என்றார்கள். தோரா வெறும் இரக்கத்தோடு விடவும் இல்லை, சட்டமே வகுத்தது. அறுவடையின்போது வயலின் ஓரத்தை அறுக்காமல் விட்டுவிட வேண்டும். அந்தக் கதிர் ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது. அவர்களே வந்து அறுத்துக்கொள்வார்கள். இன்னாருக்குத்தான் என்று சொல்ல நிலக்காரருக்கு உரிமை கிடையாது. கொடுப்பவரின் பெருமைக்கு இடமே வைக்காத இந்த ஏற்பாடு என்னை மிகவும் கவர்கிறது.

ஆனால் இப்படிப் பிறருக்காகப் பேசும்போது, பேசியவருக்கு மட்டும் அடி விழுவதில்லை; அவரைச் சேர்ந்தவர்களுக்கும் விழுகிறது. இனப்பாகுபாட்டை எதிர்த்துப் பேசிவந்த ரபி ஜேக்கப் ராத்ஸ்சைல்டின் அட்லாண்டா தொழுகைக்கூடம் 1958 அக்டோபர் 12 விடியுமுன் டைனமைட் வைத்துத் தாக்கப்பட்டது. 1963 மே மாதத்தில் பத்தொன்பது ரபிகள் கறுப்பின மக்களுக்குத் துணைநிற்க பர்மிங்காம் போனபோது, உள்ளூர் யூதத் தலைவர்களே அவர்களைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். வந்தவர்கள் போய்விடுவார்கள், குண்டு விழுவது இங்கே இருப்பவர்கள் வீட்டில் என்ற பயம். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று யூதர்களுக்குள் அந்தப் பிளவு இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்றது. இஸ்ரேல் காசா மீது போர் தொடங்கியது. பதினோரு நாளில், அமெரிக்க நாடாளுமன்ற வளாகக் கட்டடம் ஒன்றில் நூற்றுக்கணக்கான யூதர்கள் போர்நிறுத்தம் கேட்டு உட்கார்ந்தார்கள். ‘எங்கள் பெயரால் வேண்டாம்’ என்று சட்டையில் எழுதியிருந்தது. பலர் கைதானார்கள். இன்னும் துக்கம் ஆறாத வேறு யூதர்களுக்கு அது துரோகமாகப் பட்டது. எங்களுக்கு இனி நேரக்கூடாது என்பது ஒரு சாரார். எவருக்கும் நேரக்கூடாது என்பது மறு சாரார். இரு தரப்பும் பேசுவது ஒரே நினைவிலிருந்துதான்.

நான் இரண்டாமவர் பக்கம். அந்நியர் நமக்கு வேண்டியவரா என்று தோராவின் அந்தக் கட்டளை கேட்பதில்லை. இதைச் சொல்லும்போதே, முதல் தரப்பில் பிள்ளையைப் பிணைக்கைதியாகப் பறிகொடுத்த பெற்றோரும் இருந்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. அவர்கள் முகத்துக்கு நேரேயும் இதைச் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்வதை முழுவதுமாகக் கேட்ட பிறகு.