இயற்பகுப்பும் அறத்தின் எல்லையும்: திருக்குறள் துறவறவியலை முன்வைத்து

முன்னுரை

நூலைப் பகுத்து வைத்தல் கற்பார்க்கு வழிகாட்டும் முறையாகும். தொல்காப்பியச் செய்யுளியல், சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நூலின் உறுப்புகளை வரையறுக்கிறது. ஓரினப் பொருளை ஓரிடத்து நிரல்பட வைத்தலை ஓத்தின் இலக்கணமாகக் கொள்கிறது. அறநூலில் இப்பகுப்பு மற்றொரு பணியையும் செய்கிறது. ஓர் அறம் யாருக்கு உரியது என்பதையும் அது உணர்த்திவிடுகிறது. அவ்வாறு உணர்த்தப்படும் எல்லை ஏற்கத்தக்கதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பகுப்பும் சிக்கலும்

திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 38 அறத்துப்பாலில் உள்ளன. பரிமேலழகர் உரைவழி வந்த பதிப்புகளில் இவை பாயிரம் (4), இல்லறவியல் (20), துறவறவியல் (13), ஊழியல் (1) என அமைகின்றன. இவ்வியற்பெயர்கள் குறட்பாக்களுள் இடம்பெறவில்லை. உரையாசிரியரிடையே இயற்பகுப்பு வேறுபடுவதும் உண்டு. புலால் மறுத்தல், கள்ளாமை, வாய்மை, கொல்லாமை ஆகிய அதிகாரங்கள் துறவறவியலுள் வைக்கப்பட்டுள்ளன. அங்ஙனமாயின், இல்வாழ்வான் பொய்யாமையினின்றும் களவு செய்யாமையினின்றும் விலக்குப் பெறுகிறானா என்னும் வினா எழுகிறது.

இவ்வறங்களை இல்வாழ்வான் இயன்ற அளவிலும் துறவி முற்றாகவும் காத்தல் வேண்டும் என்பதே இவ்வைப்புமுறையின் கருத்து எனலாம். கள்ளாமை அதிகார முன்னுரையில் பரிமேலழகரும் இருவர்க்கும் வேறுபாடு காட்டுகிறார். இவ்விளக்கம் அளவு வேறுபாட்டை நிறுவுமேயன்றி விலக்கினை நிறுவாது.

குறட்பாக்களும் இவ்வெல்லைக்குள் அடங்குவன அல்ல. உண்பதற்காக உலகத்தார் கொல்லாராயின், விலைக்கு ஊன் விற்பாரும் இலர் என்னும் கருத்து வாங்குவோரை நோக்கியது. உளமறிய வாய்மை மொழிவோரைத் தவத்தொடு தானமும் செய்வோரினும் மேலாக வைக்கும் கருத்து, துறவியை மட்டும் சுட்டுவதன்று.

மேலும், கல்வி என்னும் அதிகாரம் பொருட்பாலின் அரசியலுள் உள்ளது. எனினும், கற்றல் அரசனுக்கு மட்டுமே உரிய கடமை எனத் தமிழுலகம் கொள்ளவில்லை. கல்விக்கு இயலின் எல்லையைக் கடக்கும் வாசிப்பு வாய்மைக்கு மட்டும் அங்கேயே நின்றுவிடுமாயின், அது பகுப்பால் வந்த தடையன்று. கடமையைத் தவிர்க்க விழையும் மனத்தின் வசதியேயாகும்.

முடிவுரை

இயற்பகுப்பு ஒரு குறளை எங்குக் காண்பது என்பதற்கு விடை தரும். அக்குறள் யாரைக் கட்டுப்படுத்தும் என்பதற்குக் குறளே விடை தருதல் வேண்டும். ஆதலின் அறநூலைப் பதிப்பிப்போரும் பாடத்திற்கெனத் தொகுப்போரும் இயற்பெயர் உரைமரபின் வழி வந்தது என்பதைக் கற்பார்க்குத் தெரிவித்தல் கடனாகும்.